தங்கச்சி, முதலில் விதிகளைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: அக்கா, நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை, வயது 25. கல்யாண வீடு, கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று மைக் பிடித்துப் பழக்கம். இப்போது ஒரு பயணப் போட்டி ரியாலிட்டி ஷோவுக்கு என்னை அறிவிப்பாளராக எடுத்திருக்கிறார்கள். ஆறு ஜோடிகள் கண்டியில் தொடங்கி பதுளையில் முடிக்க வேண்டும், ஜூன் மாதம் பத்து நாள் ஷூட்டிங். டைரக்டர் என் பேச்சை மாற்றி சென்னை சேனல் மாதிரி பேசச் சொல்கிறார். தோற்ற ஜோடியை வீட்டுக்கு அனுப்பும்போது அழுதுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அம்மா, பத்து நாள் வெளியில் தங்க விடவே மாட்டேன் என்கிறார். போதாக்குறைக்கு என் பெரியம்மா மகனும் ஒரு ஜோடியில் இருக்கிறான், "கொஞ்சம் பார்த்துக்கொள்" என்கிறான். நான் என்ன செய்யட்டும்?
பெயர் வேண்டாம், தலவாக்கலை

பதில்: தங்கச்சி, முதலில் வாழ்த்து. மலையகத்தைக் காட்ட வருகிறவர்கள் வழக்கமாக நம் பிள்ளைகளைக் கூடையோடு தூரத்தில் நிற்க வைத்துவிட்டுப் போவார்கள், உங்கள் கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் கடிதத்தை முழுக்கப் படித்தும் நான் தேடியது கிடைக்கவில்லை. போட்டியின் விதிகளை எழுத்தில் யாராவது உங்களுக்குக் கொடுத்தார்களா? பேச்சு, அழுகை, அம்மா, அண்ணன் எல்லாம் வருகிறது, விதி என்ற சொல்லே வரவில்லை.

நான் மைக் பிடித்தவள் இல்லை, கேமராவுக்குப் பின்னால் கொப்பியும் பேனாவுமாக நேரம் குறித்துக்கொண்டு நின்றவள். அங்கிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கல்யாண வீட்டில் நீங்கள் இரண்டு நிமிடம் வாயை மூடினாலே ஜெனரேட்டர் நின்றுவிட்டதோ என்று பந்தியில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மாதிரி ஷோவில் அறிவிப்பாளர் பேசுவது கொஞ்சம்தான். மணிக்கணக்காக நிற்பார், அப்புறம் ஒரு ஜோடி ஓடி வரும், அவர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தைப் பிழையில்லாமல் சொல்வார். அந்த வாக்கியத்தை அவர்கள் நம்ப வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த வகை ஷோவுக்கெல்லாம் பெரியண்ணன் அமெரிக்காவில் 2001 இல் தொடங்கிய 'தி அமேசிங் ரேஸ்'. அன்றிலிருந்து அதற்கு ஒரே அறிவிப்பாளர்தான், பில் கியோகன் என்ற நியூசிலாந்துக்காரர். இரண்டிரண்டு பேராக நாடு நாடாக ஓடி, கடைசியில் முந்துகிற ஜோடி பத்து லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு போகும். 2004 இல் ஆறாவது சீசனுக்காக நம் நாட்டுக்கும் வந்து எடுத்துவிட்டுப் போனார்கள், சுனாமிக்குச் சில மாதங்களுக்கு முன். ஒவ்வொரு கட்டமும் முடிகிற இடத்தில் தரையில் ஒரு விரிப்பு கிடக்கும், அதில் அவரும் அந்த ஊர் ஆள் ஒருவரும் நிற்பார்கள். எல்லோரும் அவர் புருவத்தைத் தூக்கிவிட்டு முடிவைச் சொல்லாமல் இழுக்கிறதைத்தான் காப்பியடிக்கிறார்கள், நீங்களும் கண்ணாடி முன்னால் செய்து பார்த்திருப்பீர்கள்! நீங்கள் பார்க்க வேண்டிய இடம் வேறு. நடந்து வர வேண்டிய தூரத்தை ஒரு ஜோடி டாக்சியில் வந்துவிட்டது என்று வையுங்கள். முதலில் வந்து சேர்ந்தாலும் அவர்களைப் பதிய மாட்டார், தண்டனை நேரம், சாதாரணமாக 30 நிமிடம், ஓரமாக நின்று கழிக்கச் சொல்வார். அந்த அரை மணிக்குள் வேறு ஜோடி வந்து அவர்கள் கண் முன்னாலேயே முந்திவிடலாம். கோபப்படுவார்கள், ஆனால் இழுத்துப் பேச இடமில்லை, ஏனென்றால் நடந்து வரச் சொல்லி, ஜோடிகளுக்கு வழி சொல்லிக் கொடுக்கிற குறிப்புத் தாளிலேயே எழுதியிருந்தது. அவருடைய தைரியம் அந்தத் தாள்தான்.

உங்கள் ஷோவில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற போட்டி ஒன்று கட்டாயம் இருக்கும். நம் பக்கம் வருகிற எந்தக் கேமராவும் அதை விட்டதில்லை. "ஐந்து கிலோ பறித்தால் அடுத்த குறிப்பு" என்று யாரோ ஏசி அறையில் இருந்து எழுதியிருப்பார்கள். ஜூன் மாதம் உங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலை ஏழு மணிக்கு மலைக்கு ஏறுகிற ஜோடி மழையில் ஊறிய கொழுந்தைப் பறிக்கும். மழை விட்டு பதினொரு மணிக்கு ஏறுகிற ஜோடிக்குக் காய்ந்த கொழுந்து. தராசுக்குத் தண்ணீரும் கொழுந்தும் ஒன்றுதான், ஆகவே முதல் ஜோடி குறைவாகப் பறித்தே ஐந்து கிலோ காட்டிவிடும். தண்ணீருக்குக் கழிப்பீர்களா? சாக்குக்கு எவ்வளவு? முத்தல் இலையையும் காம்பையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறவர்களை என்ன செய்வீர்கள்? கழிவை அந்த நேரத்து வாய்க்கு வந்தபடி சொன்னால் என்ன ஆகும் என்பதை உங்கள் அம்மாவிடமே கேளுங்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கிலோ வெட்டினால் எப்படி வயிறு எரியும் என்று மலைக்குப் போனவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. அதே வயிற்றெரிச்சலோடு ஒரு ஜோடி உங்கள் முன்னால் வந்து நின்று "எங்களுக்கு மட்டும் ஏன் அரைக் கிலோ குறைந்தது?" என்று கேட்கும், அதுவும் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது.

எனவே முந்தியே உட்கார்ந்து பேசுங்கள். வெறும் சாக்கை முதலில் வைத்து தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவதைக் கேமராவில் காட்டட்டும். நனைந்த கொழுந்துக்கு இவ்வளவு கழிவு என்று எழுதி ஆறு ஜோடிக்கும் ஒரே நேரத்தில் வாசியுங்கள், இல்லாவிட்டால் எல்லோரையும் ஒரே நேரத்தில் மலைக்கு ஏற்றுங்கள், அது இன்னும் சுலபம். ஒவ்வொரு சாக்கிலிருந்தும் ஒரு பிடியை எடுத்துப் படங்கில் கொட்டி, இரண்டு இலையும் மொட்டுமாக இருப்பது எவ்வளவு, முத்தல் எவ்வளவு என்று பிரித்துக் காட்டலாம், அது பார்க்கவும் நன்றாக இருக்கும். ஐந்து கிலோவை இரண்டு கிலோவாகக் குறைக்கவும் சொல்லுங்கள். நாளுக்கு 18, 20 கிலோ கேட்கிற தோட்டங்களில் பழகிய கை வேறு, கொழும்பிலிருந்து முதல் தடவையாக மலை ஏறுகிற கை வேறு, ஐந்து கிலோவுக்கு அவர்கள் அட்டைக்கடியோடு மத்தியானம் வரை நிற்பார்கள்.

தீர்ப்புச் சொல்ல அந்த மலையில் பறிக்கிற அக்கா ஒருவரைத்தான் வைக்க வேண்டும், அது சரி. ஆனால் அவருக்குப் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, வாசலில் குத்துவிளக்கு மாதிரி நிறுத்தப் பார்ப்பார்கள். வேலைக்குப் போகிற அதே பழைய சட்டை, இடுப்பில் கட்டிய படங்கு, தலையில் சாக்கு, அப்படியே வரட்டும். அவர் பெயரை நீங்கள் கேமராவில் கேட்டுச் சொல்லுங்கள். அன்றைய சம்பளம் போக ஷோவிலிருந்து அவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். புது ஆள் இதையெல்லாம் கேட்கலாமா என்று யோசிக்காதீர்கள், ஷோ முடிந்த பிறகு அந்தத் தோட்டத்துப் பக்கம் தலை காட்டப்போவது நீங்கள்தானே, டைரக்டர் இல்லை.

ரயில் விஷயமும் இதே மாதிரிதான். ஒரு ஜோடியோடு ஒரு கேமராக்காரரும் ஒரு சவுண்ட்காரரும் போனால் நாலு பேர், ஆறு ஜோடிக்கு 24 இருக்கை. வெளிநாட்டுக்காரர்கள் முண்டியடிக்கிற உடரட்ட மெனிக்கே ரயிலில் அன்றைக்கு நினைத்து அன்றைக்கு வாங்க முடியாது. அமேசிங் ரேஸில் தங்களோடு வருகிற இருவருக்கும் சேர்த்து இடம் இருந்தால்தான் ஜோடி ஏற முடியும். உங்களுடையதில் எப்படி? ஒரு ஜோடி ஏறி அவர்களுடைய கேமராக்காரர் நானுஓயா மேடையிலேயே நின்றுவிட்டால் என்ன தீர்ப்பு? கோச்சி இரண்டு மணி நேரம் சுணங்கினால் முந்தி வந்தவரும் பிந்தி வந்தவரும் ஒரே பெட்டியில் வந்து இறங்குவார்கள், அது பரவாயில்லை, உண்மையில் இந்த வகைப் போட்டிகளில் காலை எட்டு மணிக்குத்தான் திறக்கும் இடங்களை வேண்டுமென்றே வைத்து எல்லோரையும் ஒன்று சேர்ப்பது பழைய தந்திரம். ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்கிறேன். பெட்டிக் கதவில் தொங்கிக்கொண்டு முடியைப் பறக்கவிடுகிற காட்சி கேட்பார்கள். சுரங்கமும் பாறையும் உரசுகிற பாதை அது, அப்படித் தொங்கி அடிபட்டவர்களும் செத்தவர்களும் இருக்கிறார்கள். நீங்களும் தொங்காதீர்கள், தொங்கினால் தண்டனை என்று விதியிலும் போடச் சொல்லுங்கள்.

உடுப்புக்கு வருவோம். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா எல்லாம் தென்மேற்குப் பருவ மழைக்கு நேரே நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஊர்கள். 1,891 மீட்டர் உயரத்தில் இருக்கிற பட்டிப்பொல ஸ்டேஷனைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கினால் அதே நாளில் வெயில் அடிக்கும், ஹப்புத்தளையில் காற்று ஆளைத் தள்ளும். மைக்குக்கு மயிர்த் தொப்பி இருக்கிறதா என்று சவுண்ட்காரரிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் லிப்டன் சீட் மலை உச்சிக் காற்றில் நீங்கள் பேசுவது ஒன்றும் மிஞ்சாது. உள்ளுக்கு மெல்லிய கம்பளி, பிளாஸ்கில் சுடுதண்ணீர். காத்திருக்கும்போது கத்திப் பேசித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேச்சு பற்றி. விதியையும் தீர்ப்பையும் எல்லோருக்கும் விளங்குகிற எழுத்துத் தமிழில் சொல்லுங்கள், மன்னாரிலிருந்து வந்த ஜோடிக்கும் பதுளை ஜோடிக்கும் ஒரே மாதிரி விளங்க வேண்டும். மற்ற நேரம் உங்கள் பேச்சு உங்கள் பேச்சுதான். சென்னைக்காரர்கள் சென்னைப் பேச்சை நம்மைவிட நன்றாகவே பேசுவார்கள், அதற்கு அவர்களையே கூப்பிட்டிருக்கலாம் என்று டைரக்டரிடம் சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள். பிடிவாதம் பிடித்தால், முதல் நாள் எடுத்ததை இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அழுகைக்கு நான் பயப்படமாட்டேன். வெளியேற்றுகிற வாக்கியத்தை முதலில் முழுசாகச் சொல்லி முடியுங்கள், அப்புறம் கண் கலங்கினால் கலங்கட்டும். சொல்வதற்கு முன்னாலேயே முகத்தில் காட்டிவிடுவதுதான் கூடாது. "எங்களுக்கு நீங்களும் ஜெயித்தவர்கள்தான்" என்று ஆறுதல் சொல்லப் போகாதீர்கள், வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அது எரிச்சல்தான் தரும். இன்றைக்கு எந்த இடத்தில் கைவிட்டுப் போனது என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள், அவர்களே சொல்வார்கள். இன்னொன்று, ஒரு ஜோடி விரிப்பை நோக்கி ஓடி வருகிறதை வேறு கோணத்தில் மறுபடியும் ஓடச் சொல்லி எடுப்பார்கள், அதில் பிழையில்லை. வந்த ஒழுங்கையே மாற்றி "இவர்கள் இன்னும் இரண்டு நாள் இருந்தால் ஷோ களைகட்டும்" என்று யாராவது சொன்னால் அந்தத் தீர்ப்பை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் 1950களில் வினாடி வினா நிகழ்ச்சிகளில் முந்தியே பதில் சொல்லிக்கொடுத்து நாறிப்போய், 1960 இல் அதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு ஊர் முழுக்கத் திட்டு வாங்கியது திரைக்குப் பின்னால் இருந்தவர்கள் மட்டும் இல்லை, திரையில் சிரித்துக்கொண்டு நின்ற முகங்களும்தான்.

அம்மாவைக் கோபிக்காதீர்கள், அவர் கேட்பது சரியான கேள்வி. ஒவ்வொரு இரவும் எங்கே தங்கல், உங்களுக்குத் தனி அறையா, குழுவில் இன்னொரு பெண் யார், ராத்திரி வண்டி ஓட்டுவது பகல் முழுக்க ஓட்டிய அதே டிரைவரா, காப்புறுதி இருக்கிறதா, மண்சரிவு எச்சரிக்கை வந்தால் ஷூட்டிங்கை யார் நிறுத்துவது, சம்பளத்தில் எவ்வளவு முற்பணம். இதெல்லாம் ஒரு தாளில் எழுதி, தயாரிப்பு நிர்வாகியின் கையெழுத்தோடும் போன் நம்பரோடும் அம்மா கையில் இருக்க வேண்டும். முடிந்தால் அவரை ஒரு தடவை வீட்டுக்குக் கூப்பிட்டு அம்மா கையால் ஒரு பிளேன்டீ கொடுங்கள், பத்து நிமிடத்தில் அம்மா ஆளை எடைபோட்டுவிடுவார். எழுதிக் கொடுக்க மாட்டோம் என்றால், தங்கச்சி, நானும் அம்மா பக்கம்தான்.

பெரியம்மா மகன் விஷயத்தைத்தான் நீங்கள் லேசாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது லேசாகப் படவில்லை. நீங்கள் ஒரு குறிப்பும் கொடுக்காமல் அவன் தன் கெட்டித்தனத்தில் ஜெயித்தாலும் யாரும் நம்பப்போவதில்லை. தோற்றால் பெரியம்மா வீட்டில் அடுத்த நல்லது கெட்டதுக்கு உங்களுக்கு என்ன வரவேற்பு என்று நான் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கே தயாரிப்பாளருக்கு உறவுமுறையைச் சொல்லி மெசேஜ் போடுங்கள், வாயால் சொன்னது போதாது, எழுத்தில் இருக்கட்டும். அவனை எடுத்துவிட்டு வேறு ஜோடி போட்டால் எல்லோருக்கும் நல்லது. இல்லை, இருக்கட்டும் என்று அவர்கள் சொன்னால், முதல் எபிசோடிலேயே இவர் என் பெரியம்மா மகன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அவன் ஜோடிக்குத் தராசும் மணிக்கூடும் பிடிப்பது வேறு ஆளாக இருக்கட்டும், பத்து நாளும் அவனோடு தனியாகப் பேச்சு வேண்டாம். தயாரிப்பாளரிடமிருந்து பதில் வந்த பிறகு அவனுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கள், பெரியம்மாவையும் லைனில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள், அவன் போய் வேறு மாதிரிச் சொல்வதற்கு முன்னால்.