நிலக்கரிக் கணப்பின் கண்ணாடியில் வெள்ளையாகச் சாம்பல் படிகிறதே, எப்படிக் குறைப்பது?

ஸ்க்ரான்டன் பக்கம் இருக்கிறோம். அமெரிக்காவில் வெட்டும் ஆந்த்ரசைட், அதாவது மிகக் கடினமான நிலக்கரி, ஏறக்குறைய முழுவதும் இந்த வடகிழக்குப் பென்சில்வேனியாவிலிருந்துதான் வருகிறது. 6 குளிர்காலமாக எங்கள் வீட்டுக் கணப்பிலும் அதுதான், கையால் அள்ளிப் போடும், 'நட்' என்ற அளவில் உடைத்த கரி. நீங்கள் கேட்கும் வெள்ளைப் படலத்தோடு முதல் வருடம் முழுக்க மல்லுக்கட்டினேன்.

விறகு என்றால் கண்ணாடியில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டும். ஆந்த்ரசைட்டில் புகை மிகக் குறைவு என்பதால் அந்தக் கறுப்பு வராது. வருவது விபூதி மாதிரி நைசான சாம்பல். பெரும்பாலும் அதைக் கிளப்பிவிடுவது நம் கைதான்.

விறகடுப்புப் பழக்கத்தில் மேலிருந்து தணலைக் கம்பியால் கிண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஆந்த்ரசைட்டை மேலிருந்து கிண்டவே கூடாதாம். சாம்பல் தணலுக்குள் இறங்கித் தீயும் மந்தமாகும், தூசியும் பறக்கும். தணலைத் தாங்கும் அடிக் கம்பித்தட்டான கிரேட்டின் பிடியை அவர் சின்னச் சின்னதாக, டக் டக்கென்று ஆட்டினார். சாம்பல் தட்டில் இரண்டு மூன்று சிவப்புக் கங்கு விழுந்ததும் கையை எடுத்துவிட்டார். அதற்கு மேல் ஓர் ஆட்டம் கூட இல்லை.

ஆட்டும்போது கதவுகள் மூடியிருக்கட்டும். புகைக்குழாயில் கையால் திருப்பும் டாம்பர் (இழுப்பைக் குறைக்கும் தகடு) இருந்தால் அந்த நேரத்துக்கு முழுக்கத் திறந்துவிடுங்கள், தூசி மேலே போய்விடும். சாம்பல் தட்டை உடனே உருவ வேண்டாம், கொஞ்சம் அடங்கட்டும். கரி வாளியில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்வதும் நல்லது.

புகைபோக்கி அளவுக்கு மீறி இழுத்தாலும் சாம்பல் கிளம்பும். இழுப்பு கூடினால் தானே திறந்து அறைக்காற்றைக் குழாய்க்குள் விடும் பாரோமெட்ரிக் டாம்பர் போட்டு, இழுப்பை மானோமீட்டரில் (அழுத்தமானியில்) 0.05 அங்குல நீர் அழுத்தத்தையொட்டி நிறுத்திய பிறகுதான் எங்கள் கண்ணாடி தெளிந்தது. உங்கள் கணப்புக்குரிய அளவு அதன் கையேட்டில் இருக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டாமல் இழுப்பில் கை வைக்காதீர்கள், தயவுசெய்து.

கண்ணாடி ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைத்தாலே போதும். பிளேடு, கம்பி நார் எதுவும் வேண்டாம். குளிர்காலம் முடிந்து தீயை அணைத்த வாரமே துடைத்துவிடுங்கள். சாம்பலில் இருக்கும் கந்தகம் கோடை ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகும். நான் செப்டம்பர் வரை அப்படியே விட்டேன். தேய்த்துப் பார்த்தால் மங்கல் போகவில்லை. நகத்தால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. கண்ணாடியையே மாற்ற வேண்டியதாயிற்று.

அதே வாரத்தில் புகைக்குழாயின் வளைவையும் கழற்றிக் கொட்டுங்கள். எங்களுடையது பாதிக்கு மேல் சாம்பலால் அடைத்திருந்தது.