நான்கு மாதப் பயணத்துக்கு ஒரே ஓட்டுநரா?

கேள்வி: மினியாபொலிஸ் நகருக்கு அருகில் 31 ஆண்டுகளாக வசிக்கிறோம். எனக்கு வயது 68, மனைவிக்கு 64. பணி ஓய்வுக்குப் பின் உள்ளேயே தங்கிக்கொள்ளும் வசதியுள்ள 24 அடி நீள டிரெய்லர் ஒன்றும் அதை இழுக்கப் பிக்கப் டிரக் ஒன்றும் வாங்கியிருக்கிறேன். டிசம்பர் முதல் மார்ச் வரை அரிசோனாவின் குவார்ட்ஸைட், ஆர்கன் பைப், யூமா, கலிஃபோர்னியாவின் அன்சா-பொரேகோ, திரும்பும் வழியில் நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸ் என்று பாலைவனப் பகுதிகளில் தங்கிவரத் திட்டம். சிகாகோவில் இருக்கும் மகன் இந்த வயதில் இது வேண்டாம் என்கிறான். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது என்பதே உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், இன்சுலின் போட்டுக்கொள்கிறேன், மற்றபடி நலம். மனைவிக்கு மறுப்பு ஏதும் இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் பனியில் கார் சறுக்கியதிலிருந்து அவள் ஓட்டுவதில்லை, உரிமமும் காலாவதியாகிவிட்டது. எங்கே போவதானாலும் நானே அழைத்துப் போவதால் அது ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. கடமையை விட்டுவிட்டுப் போகிறோமோ என்ற உறுத்தல்தான் இருக்கிறது. போகலாமா?

பதில்: ஐயா, ஓய்வுக்காலத்தில் ஊர் சுற்றுவதா, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதா என்று கேட்டு எனக்குப் பல ஆண்டுகளாகக் கடிதங்கள் வருகின்றன. உங்கள் ஆசைப்படி வாழுங்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். பேரனைப் பற்றி ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன்: பிள்ளையை வளர்ப்பது பெற்றவர்களின் பொறுப்பு, தாத்தா பாட்டி செய்வது அன்பினால் செய்யும் உதவி. அந்த உறுத்தலை இறக்கி வைத்துவிடுங்கள். ஆனால் உங்களுக்கு உறுத்த வேண்டிய வேறொன்று இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. அதை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

உங்கள் மனைவி ஆறு ஆண்டுகளாக வண்டி ஓட்டுவதில்லை. அது ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை என்கிறீர்கள். யாருக்கு?

குவார்ட்ஸைட்டைப் பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். சுமார் 2,400 பேர் நிரந்தரமாக வாழும் அந்தச் சிற்றூருக்குக் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து டிரெய்லர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்கின்றன. ஊருக்குத் தெற்கே லா போசா என்ற பரந்த அரசு நிலத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான பருவத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் தங்கலாம். அங்கே தெருப் பெயர் கிடையாது, கதவு எண் கிடையாது. கிரியோசோட் புதர்களுக்கு நடுவில் பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் மனிதர்கள் அங்கே போகிறார்கள், நீங்களும் அதற்காகத்தான் போகிறீர்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது அந்த இடத்தில், ஜனவரி மாதத்தில், ஓர் இரவு இரண்டு மணிக்கு உங்களுக்கு மார்பில் அழுத்தம் ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே உறைநிலையை நெருங்கும் குளிர். உங்கள் மனைவி அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கிறார்; எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அவர் என்ன சொல்வார்? கைபேசியில் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பார்த்துப் படித்துச் சொல்ல அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்களா? மருத்துவமனை இருக்கும் பார்க்கர் நகரம் அங்கிருந்து சுமார் 35 மைல் வடக்கே இருக்கிறது. ஆம்புலன்ஸ் வந்து உங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகு, சாவி கையில் இருந்தும் ஓட்ட முடியாத ஒரு டிரக்குக்குப் பக்கத்தில், இருட்டில், 64 வயதுப் பெண் தனியாக நிற்பார். மறுநாள் காலை உங்களைப் பார்க்க வருவதற்குக்கூட முன்பின் தெரியாத ஒருவருடைய டிரெய்லர் கதவைத்தான் அவர் தட்ட வேண்டும்.

இதயத்தை விடுங்கள், அது அரிதாக நடப்பது என்பீர்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்குவது அத்தனை அரிதல்ல என்பது உங்களுக்கே தெரியும். சர்க்கரை இறங்கிய நிலையிலும், அது சீராகி உடல் தெளிவடையும் வரையிலும், ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. மினசோட்டாவிலிருந்து அரிசோனாவுக்குப் போக மட்டும் 1,700 மைலுக்கு மேல். வழியில் ஒரு நாள் நேரத்துக்குச் சாப்பிட முடியாமல் போய், டிரெய்லரை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும்போது கை நடுங்கத் தொடங்கினால், ஓரம் கட்டி இறங்கி இடம் மாறிக்கொள்ள உங்களுக்கு ஆள் இல்லை. நீங்களே ஓட்டித் தீருவீர்கள். ஒரே ஓட்டுநரோடு போகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். உங்கள் மகன் பயப்படுவதும் இதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பிள்ளையின் கவலையைச் சுயநலம் என்று எழுதியிருக்கிறீர்கள். தந்தைக்கு ஸ்டென்ட், தாய்க்கு உரிமம் இல்லை, இருவரும் கைபேசிக் கோபுரம் எட்டாத மூலைகள் உள்ள அன்சா-பொரேகோவுக்குப் போகிறார்கள் என்றால், பெற்றோர் மீது அன்புள்ள எந்த மகனும் வேண்டாம் என்றுதான் சொல்வான்.

இன்னொன்றும் கேட்கிறேன். உரிமம் காலாவதியான பின் உங்கள் மனைவியின் கைப்பையில் இருக்கும் அடையாள அட்டை எது? யூமாவைச் சுற்றியுள்ள சாலைகளில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடிகள் உண்டு. அவர் குடியுரிமை பெறாமல் கிரீன் கார்டில் இருப்பவரானால், அந்த அட்டை எப்போதும் அவரிடமே இருக்க வேண்டும் என்பது சட்டம். அது உங்கள் பணப்பையில் இருக்கிறதா, அவரிடம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

"மனைவிக்கு மறுப்பு ஏதும் இல்லை" என்ற வரியையும் நான் அப்படியே ஏற்கவில்லை. மறுக்காமல் இருப்பது வேறு, விரும்புவது வேறு. நீங்கள் எழுதியிருக்கும் கணக்குப்படி அவர் 33 வயதில் அந்த நாட்டுக்கு வந்து, பழக்கமில்லாத வலப்பக்கச் சாலைகளிலும் மினசோட்டாப் பனியிலும் ஏறக்குறைய கால் நூற்றாண்டு இருந்து, ஒரே ஒரு முறை சறுக்கியதற்காக ஒதுங்கிக்கொண்டவர். அன்று அவர் பயந்ததில் தவறில்லை. அடுத்த வாரமே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "எடு, நான் இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டிய நீங்கள் சாவியை வாங்கி வைத்துக்கொண்டதுதான் தவறு. அதை அன்பு என்றே நினைத்திருப்பீர்கள். ஆனால் மனைவியைத் தாங்குகிறேன் என்று சொல்லி அவருடைய கால்களைப் பழக்கமில்லாமல் ஆக்கிவிடுகிற கணவன், தன் கடமையில் பாதியைத்தான் செய்கிறான். தான் இல்லாவிட்டாலும் அவள் நிற்க வேண்டும் என்பது மறுபாதி. என் தந்தை இறந்த பதினோராம் நாள், 61 வயதான என் அம்மா வங்கிப் படிவத்தை என்னிடம் நீட்டி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியும். அதற்கு முன் அவர் கையில் யாரும் அந்தப் படிவத்தைக் கொடுத்ததில்லை. என் தந்தை நல்லவர், எங்களுக்காக உழைத்தவர். இருந்தும் அந்த ஒன்றில் அவரை மன்னிக்க எனக்கு நெடுநாள் ஆயிற்று.

ஆகவே டிரெய்லருக்குச் சூரியத் தகடு வாங்குவதையும் பாதையைக் குறித்து வைப்பதையும் சற்று நிறுத்திவிட்டு, முதலில் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவருக்கு நான்கு மாதம் வேண்டுமா, ஒரு மாதம் போதுமா, பேரனை விட்டு இருக்க முடியுமா என்பதை அவர் சொல்லட்டும். "நீங்கள் எங்கே போனாலும் சரி" என்று சொன்னால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல் மறுபடி கேளுங்கள். அவர் மனதார வருகிறேன் என்றால், பனி விழுவதற்கு முன்பே உரிம அலுவலகம் கேட்கும் தேர்வுகளுக்கு விண்ணப்பியுங்கள். காலியான வாகன நிறுத்துமிடத்தில் தொடங்கி, காரில் கை பழகிய பின் டிரக்கை அவரிடம் கொடுங்கள். டிரெய்லரை இழுத்து ஓட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் சக்கரங்களுக்கு முதலில் கட்டை வைத்து, மின் இணைப்பையும் சங்கிலிகளையும் கழற்றி, கொக்கியை விடுவித்து, டிரக்கை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக அவருக்குத் தெரிந்தால் போதும். அதை உங்கள் வீட்டு வாசலிலேயே பத்து முறை அவர் செய்யட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். புரொப்பேன் வால்வை எங்கே மூடுவது, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒலித்தால் என்ன செய்வது, உங்களுக்குச் சர்க்கரை இறங்கினால் எதை எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரவில் உறைந்துபோன இன்சுலின் பயன்படாது, அதை எறிந்துவிட வேண்டும் என்பதும் அதில் சேரும். மேகம் திரண்டால் வறண்ட ஓடைப்படுகையில் வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது என்பதும் சேரும். தொலைவில் பெய்த மழைக்கு அங்கே வெள்ளம் வருவது உண்டு. நீங்கள் நடக்கப் போயிருக்கும் நேரத்தில் அது வந்தால் டிரக்கை மேட்டுக்கு ஏற்ற வேண்டியவர் அவர்தான்.

உங்கள் மருத்துவக் காப்பீடு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரைத் தனியார் நிறுவனம் வழியாகத் தரும் மெடிகேர் அட்வான்டேஜ் வகையானால், அவசரச் சிகிச்சை அல்லாத மருத்துவர் சந்திப்புகளுக்கு அரிசோனாவில் அது செல்லுபடியாகுமா என்று புறப்படுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மனைவிக்கு மெடிகேருக்கான 65 வயது இன்னும் ஆகவில்லை என்பதால் அவருடைய காப்பீட்டைத் தனியே விசாரியுங்கள்.

டிசம்பருக்குள் உரிமம் அவர் கைக்கு வராவிட்டால் டிசம்பரில் புறப்படாதீர்கள். லா போசாவில் ஏப்ரல் 15 வரை இடம் இருக்கிறது. பிப்ரவரியில் போனாலும் இரண்டு மாதம் தங்கலாம். மகனிடம் புறப்படும் தேதியைச் சொல்லும்போது, அம்மாவுக்கு உரிமம் வந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தத் தொலைபேசிப் பேச்சை அவரே பேசட்டும்.