2004 ஆம் ஆண்டு பென்ஸ் ஈ200 காரை நுவரெலியாவில் பாவிக்க வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் விற்பவர் மீற்றரைக் காட்டி "ஒரு லட்சத்துச் சொச்சம்தான் ஓடியிருக்கிறது" என்று சொல்வதை மட்டும் நம்பி முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் கேட்டிருக்கும் அதே காரை, அதே ஆண்டுத் தயாரிப்பை, 2021 இல் வாங்கித் தலவாக்கலையில் வைத்து இன்றுவரை ஓட்டுகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பழைய பென்ஸ் வாங்குவது வெறும் பந்தா என்று சொல்ல வருபவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, ஒரு சிறிய ஜப்பான் காருக்கு என்னிடம் கேட்கப்பட்ட விலையும் இதன் விலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பிரேக். இந்த வகைக் காரில் மிதியை அழுத்தும்போது ஒயில் நேரே சக்கரங்களுக்குப் போவதில்லை. எவ்வளவு அழுத்தினோம் என்பதைக் கணினி அளந்து, ஒரு மின்பம்பு சேர்த்து வைத்திருக்கும் அழுத்தத்தைக் கொண்டு பிரேக் பிடிக்கிறது. எஸ்பிசி என்பார்கள். எத்தனை முறை பிரேக் பிடித்தோம் என்ற கணக்கும் அதனுள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். வரம்பைத் தொட்டதும் மீற்றர் தட்டில் சிவப்பு எச்சரிக்கை வரும். 2004 மே மாதத்தில் இந்தப் பிரேக்குக்காக 680,000 கார்களைத் தயாரிப்பாளர்களே திருப்பி அழைத்தார்கள். 2006 நடுப்பகுதியில் வந்த திருத்திய மாதிரியில் வழமையான பிரேக்குக்கே திரும்பினார்கள். புத்தளம் வீதியில் பத்து முறை மிதிக்கும் தூரத்துக்கு இறம்பொடை இறக்கத்தில் நூறு முறை மிதிக்க வேண்டியிருக்கும் என்பதால், மலைநாட்டில் ஓடிய காருக்குக் கிலோமீற்றர் ஒரு கணக்கே அல்ல.

வாங்கிய எட்டாம் மாதம், அம்மாவைக் கண்டிக்கு அழைத்துச் சென்றபோது, லபுக்கலையைத் தாண்டிய ஒரு வளைவில் அந்தச் சிவப்பு எழுத்து வந்தது. மிதி பாதி தூரம் வெறுமனே உள்ளே போனது. பம்பு கைவிட்டால் முன் சக்கரங்கள் இரண்டில் மட்டும், அதுவும் நம் காலின் பலத்தில்தான் பிரேக் பிடிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கியரை இடப்பக்கம் தட்டித் தட்டி இரண்டுக்கு இறக்கி, முழுப் பலத்தையும் காலில் கொடுத்து, மண் மேட்டோரமாக நிறுத்தினேன். பின்னால் இருந்த அம்மா, "ஏன்பா, தேத்தண்ணி குடிக்கவா?" என்று கேட்டார்.

காரை நான் குறை சொல்லமாட்டேன். கண்டியில் அதைப் பிரித்துப் பார்த்த பாஸ், இந்தப் பிரேக் கணக்கு ஏற்கனவே ஒருமுறை அழிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். தேய்ந்த பம்பை மாற்றாமல், கணினியைச் செருகி எண்ணை மட்டும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து எனக்கு விற்றிருக்கிறார்கள். விற்றவரிடம் போய்க் கேட்டபோது, "பென்ஸ் ஓட்ட வசதி இல்லாதவர்கள் வாங்கக்கூடாது தம்பி" என்றார். தோட்டத்தில் பிறந்தவன் என்பது தெரிந்ததும் அவர் பேச்சு மாறியதை இன்னும் மறக்கவில்லை. பம்புத் தொகுதியை மாற்ற, காரின் விலையில் பத்தில் ஒரு பங்கு போனது. அதற்குப் பிறகு பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.

ஆகவே ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தவுடன் எஞ்சின் அறைக்குள் கேட்கும் மெல்லிய மோட்டார்ச் சத்தத்தைக் கவனியுங்கள். அது இழுத்து இழுத்துக் கேட்டால் விட்டுவிடுங்கள். பம்பு எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள்.

அடுத்தது டைமிங் செயின், அதாவது எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் சங்கிலி. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இந்தக் கொம்ப்ரெசர் எஞ்சினில் செயின் நீள்வது அறிந்த குறைதான். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முதல் சில நொடிகளில் தகரத்தில் சங்கிலி உரசுவது போலக் கேட்கும், சூடானதும் மறைந்துவிடும். விற்பவர்களுக்கும் இது தெரியும், அதனால் நீங்கள் வருமுன்பே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கலாம். நுவரெலியாக் குளிரில் காலை ஆறு மணிக்கே போய், எதையும் பேசுவதற்கு முன் போனெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்துவிட்டு, மறுநாள் சொல்லாமல் போங்கள்.