ஆறு மென்பொருள் கற்றால் சிந்திக்கும் திறன் வந்துவிடுமா?

கேள்வி: என் மகள் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பாடத்தை நன்றாக மனப்பாடம் செய்வாள். புதிதாக ஒரு கணக்கு வந்தால் திணறிப்போகிறாள். ஒரு பயிற்சி மையத்தில் நான்கு மாதத்தில் ஆறு டிசைன் மென்பொருள் சொல்லித் தருகிறார்களாம். "தானாகச் சிந்திக்கும் திறன் வரும், சான்றிதழும் உண்டு" என்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: இந்த மையத்தில் சேர்க்க வேண்டாம். மென்பொருளால் சிந்தனை வளரும்; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொள்வதால் வளராது. நான்கு மாதத்தில் ஆறு மென்பொருள் என்றால் பட்டன்களைத் தவிர வேறு எதற்கும் நேரம் இருக்காது.

ஒரு எளிய கணக்கைப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பி. குறுக்கே வெட்டினால் 20 மில்லிமீட்டர் சதுரம். ஒரு முனை சுவரில் இறுகப் பதிந்திருக்கிறது. மறுமுனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் அந்த முனை சுமார் 12 மில்லிமீட்டர் கீழே இறங்கும். இதற்குப் பாடப்புத்தகத்தில் ஒற்றை வரிச் சூத்திரம் உண்டு. என் மாணவர் ஒருவர் இதையே மென்பொருளில் செய்தபோது 20 என்ற இடத்தில் 2 என்று தட்டிவிட்டார். முனை 120 மீட்டருக்கு மேல் இறங்கும் என்று மென்பொருள் பதில் சொன்னது. கம்பியின் நீளமே ஒரு மீட்டர்தான்! ஆனால் திரையில் வந்த படத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. வளைவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மென்பொருளே படத்தைச் சரிசெய்துகொள்ளும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணமும் பூசிவிடும். அவர் அதை அப்படியே அச்செடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டினார். எனக்கு முன்னால் திருத்தியவர் முழு மதிப்பெண்ணும் போட்டிருந்தார்.

மாணவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அச்செடுத்த தாளுக்கு மதிப்பெண் போடும் முறையின்மேல்தான் கோபம். 'இந்த எண் நம்பும்படியாக இருக்கிறதா?' என்று கேட்க ஆய்வகத் தேர்வில் இடமே இல்லை. எந்த மெனு, எந்த கிளிக் என்று வரிசையாக எழுதினால் போதும் என்று வைத்திருக்கிறோம். அப்புறம் பிள்ளைகளுக்கு யோசிக்கத் தெரியவில்லை என்று புலம்புகிறோம்.

படித்து அனுபவப்பட்டவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற கடல் எரிவாயு மேடையின் கான்கிரீட் அடித்தளம் சோதனையின்போதே உடைந்து மூழ்கியது. கணினியில் செய்த கணக்கு, ஒரு முக்கியமான இணைப்பில் வரும் விசையை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டியிருந்தது. உள்ளே கம்பி கட்டிய விதமும் போதவில்லை.

உங்கள் மகள் செய்ய வேண்டியது இதுதான். மென்பொருளை ஓட்டுவதற்கு முன் விடை எவ்வளவு வரும், ஏன் வரும் என்று தாளில் எழுத வேண்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு ஓட்டிப் பார்த்து, தன் ஊகத்துக்கும் திரையில் வந்ததற்கும் ஏன் வித்தியாசம் என்று தேட வேண்டும். அந்தத் தேடலில்தான் சிந்தனை பழகும். வாரம் ஒரு கணக்கு இப்படிச் செய்தாலே போதும்.

தாள் முதலில், திரை பிறகு என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சில பிள்ளைகளுக்கு முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று படங்களைக் கொடுத்தால், அந்தப் பொருள் முழுதாக எப்படி இருக்கும் என்று மனதில் தோன்றவே தோன்றாது. இது அறிவுக் குறைவு அல்ல, பழக்கக் குறைவு; பயிற்சியால் மாறும். இவர்களிடம் முதலில் தாளில் வரை என்றால் பயந்துவிடுவார்கள். இவர்கள் முதலில் திரையில் அந்தப் பொருளைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கட்டும். ஆனால் பார்த்த கையோடு கணினியை மூடிவிட்டு, பென்சிலால் வரைந்தே ஆக வேண்டும். சுழற்றிப் பார்ப்பதோடு நின்றால், பார்க்கும்போது புரிந்த மாதிரி இருக்கும், மறுநாள் போய்விடும். வரையாமல் எழவிடாதீர்கள். உங்கள் மகளுக்கு இந்தச் சிக்கல் உண்டா என்று அறிய, அவள் பார்க்காத ஒரு பொருளின் மூன்று படங்களைக் கொடுத்துக் களிமண்ணில் பிடிக்கச் சொல்லுங்கள்.

மையங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆள் சேர்த்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு தருகிறோம் என்று என்னிடமே பேரம் பேச வந்திருக்கிறார்கள். எனவே கல்லூரியிலிருந்து யாராவது ஒரு மையத்தைச் சிபாரிசு செய்தால் உடனே நம்பாதீர்கள். மென்பொருள் உரிமத்துக்குத் தனிக் கட்டணம் என்றால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். ஆன்சிஸ், ஆட்டோடெஸ்க் போன்ற நிறுவனங்கள் மாணவர்கள் படிப்பதற்கென்று இலவசமாகவே தருகின்றன. பொருள்களை வடிவமைக்கும் ஃப்ரீகேட், கணக்குப் போடும் ஜிஎன்யு ஆக்டேவ் என்ற மென்பொருள்கள் இரண்டும் எல்லோருக்கும் இலவசம். திருட்டுப் பிரதியைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் வாங்கக் கூடாது. கூடவே வைரஸும் வரலாம்.

இன்றைக்கே தொடங்க வேண்டுமென்றால் ஃப்ரீகேட் போதும். மேலே சொன்ன கம்பிக் கணக்கை அதிலேயே செய்யலாம். அகலத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் கம்பி எவ்வளவு இறங்கும், உயரத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் எவ்வளவு என்று முதலில் மகளைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே விடை எழுதினாள் என்றால் திருத்தாதீர்கள், ஓட்டிப் பார்க்கட்டும். ஒன்றில் 6 மில்லிமீட்டரும் மற்றதில் ஒன்றரை மில்லிமீட்டரும் வரும். ஏன் என்று அவளே உங்களுக்கு விளக்கும்வரை அடுத்த கணக்குக்குப் போக வேண்டாம்.