ஸ்பிரிண்ட் விருது யாருக்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் ஓட்டுப்போட்டுத் தரும் எக்லிப்ஸ் விருதுகள் பற்றி எழுதும்போது, 2021இன் சிறந்த ஸ்பிரிண்டர் (குறுந்தூர ஓட்டக் குதிரை) விருது ஜாக்கீஸ் வாரியர் என்ற குதிரைக்குப் போனது சரியே என்று சொல்லியிருந்தீர்கள். எனக்குத் துளியும் உடன்பாடில்லை. வருஷக் கடைசியில் பெரிய தலைகள் எல்லாம் மோதும் இடம் பிரீடர்ஸ் கப் ஸ்பிரிண்ட். அந்த ஆண்டு டெல் மார் பந்தயத் திடலில் அதை ஜெயித்தது அலோஹா வெஸ்ட். ஜாக்கீஸ் வாரியர் வந்தது ஆறாவதாக. அந்த ஆண்டு அது ஜெயித்ததெல்லாம் மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமான பந்தயங்கள். மூத்த குதிரைகள் ஓடிய ஒரு பந்தயத்தைக்கூட ஜெயிக்காத குதிரை எப்படிச் சாம்பியன் ஆகும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசியில் கேட்டீர்களே, அதுதான் கேள்வி. அந்த ஆறாவது இடம் என்னை அவ்வளவாக உறுத்தவில்லை. பிரீடர்ஸ் கப்பில் தோற்ற குதிரைக்கு விருது போவது புதிதா என்ன? 1989இல் சேஃப்லி கெப்ட் என்ற பெண்குதிரை, டான்சிங் ஸ்ப்ரீயிடம் ஒரு கழுத்து நீள வித்தியாசத்தில் தோற்றது. விருது அதற்கே கிடைத்தது. மறு ஆண்டு அதே பந்தயத்தை அது ஜெயித்தது. விருது ஹவுஸ்பஸ்டருக்குப் போய்விட்டது!

பெல்மான்ட் பார்க்கில் நடந்த அந்த 1990 ஓட்டத்தின் வீடியோவைப் பாருங்கள். இங்கிலாந்திலிருந்து வந்த டேஜூர் கடைசிக் கட்டத்தில் முன்னால் இருக்கிறது. தடத்தின் குறுக்கே ஒரு நிழல் விழுந்து கிடக்கிறது. வேலி என்று நினைத்ததோ என்னவோ, எட்டுவைத்துப் போய்க்கொண்டிருந்த குதிரை திடீரென்று எம்பி அதைத் தாண்டுகிறது. அதோடு பந்தயம் கைவிட்டுப் போயிற்று, வெறும் கழுத்து வித்தியாசத்தில். இந்தப் பந்தயத்தின் தூரமான ஆறு ஃபர்லாங், அதாவது சுமார் 1,200 மீட்டர், என்பது ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான ஓட்டம். இடையில் ஏதாவது பிசகினால் ஈடுகட்ட நேரமே கிடையாது. வருஷம் முழுக்க ஓடியதை இந்த ஒரு நிமிடத்தைக் காட்டி அழித்துவிட எனக்கு மனம் வராது.

அலோஹா வெஸ்ட் எந்த நிழலின் தயவிலும் ஜெயிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நான்கு வயதில்தான் முதன்முதலாகப் பந்தயத்துக்கே வந்த குதிரை அந்த உயரத்துக்குப் போனது பெரிய விஷயம். ஆனால் அந்த ஆண்டு அது ஜெயித்த ஒரே ஸ்டேக்ஸ் பந்தயம், அதாவது உயர்தரப் பந்தயம், அதுதான். அதற்கு முன் கீன்லாந்தில், ஃபீனிக்ஸ் ஸ்டேக்ஸில், ஸ்பெஷல் ரிசர்விடம் தோற்று இரண்டாவதாக வந்திருந்தது. டெல் மாரிலும் மூக்கு வித்தியாசத்தில்தான் தப்பியது. யாரிடமிருந்து? டாக்டர் ஷிவெலிடமிருந்து. அதுவும் மூன்று வயதுக் குதிரை!

மூத்த குதிரைகளை வெல்வதுதான் உங்கள் அளவுகோல் என்றால் நீங்கள் கொடிபிடிக்க வேண்டியது இந்த டாக்டர் ஷிவெலுக்கு. உச்சத் தரமான கிரேடு 1 பந்தயமான பிங் கிராஸ்பி, அப்புறம் சாண்டா அனிடா ஸ்பிரிண்ட் சாம்பியன்ஷிப், இரண்டிலும் மூத்த குதிரைகளை எதிர்த்து ஜெயித்தது. அந்த மூக்கு மட்டும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் நாம் இருவருமே இந்தச் சண்டையைப் போட்டிருக்க மாட்டோம்.

பிறகு ஏன் ஜாக்கீஸ் வாரியர்? பேட் டே மைல், ஆம்ஸ்டர்டாம், காலன்ட் பாப் வெற்றிகளை நான் பெரிதாகச் சொல்லப்போவதில்லை. எனக்கு முக்கியம் ஆகஸ்ட் மாதம் சரடோகாவில் ஏழு ஃபர்லாங்குக்கு ஓடிய எச். ஆலன் ஜெர்கன்ஸ் பந்தயம். அங்கே எதிரே நின்றது லைஃப் இஸ் குட் என்ற குதிரை. இரண்டும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு ஓடின. மற்றவை வெகு பின்னால் எங்கோ வந்தன. கடைசி நீட்டலில் லைஃப் இஸ் குட் முட்டிப் பார்த்தும் ஜாக்கீஸ் வாரியர் விட்டுக்கொடுக்கவில்லை. கழுத்து வித்தியாசம். லைஃப் இஸ் குட் நீண்ட ஓய்வுக்குப் பிறகு வந்திருந்தது என்பீர்கள், நியாயம்தான். ஆனால் அதே குதிரை நவம்பரில், அதே டெல் மாரில், மூத்த குதிரைகளை வைத்துக்கொண்டே மண் தடத்தில் ஒரு மைல் ஓடும் பிரீடர்ஸ் கப் டர்ட் மைலைத் தட்டிச் சென்றது. அந்த ஆண்டு எந்த ஸ்பிரிண்டரும் அதைவிடப் பலமான எதிரியை வென்றதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆக என் வரிசை இது: ஜாக்கீஸ் வாரியர், டாக்டர் ஷிவெல், அலோஹா வெஸ்ட். மூன்றாவது இடம் உங்களுக்கு எரிச்சலூட்டும், தெரியும்.

கோபப்பட்டே ஆகவேண்டும் என்றால் 2022ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஜாக்கீஸ் வாரியர் மூத்த குதிரைகளோடு ஓடியே சர்ச்சில் டவுன்ஸ், ஆல்ஃபிரட் ஜி. வாண்டர்பில்ட் என்று இரண்டு கிரேடு 1 பந்தயங்களை ஜெயித்தது. பிரீடர்ஸ் கப்பில் மூன்றாவது. எலீட் பவர் என்ற குதிரை ஜெயித்தது வாஸ்பர்க் பந்தயமும் பிரீடர்ஸ் கப் ஸ்பிரிண்டும். அதில் பிரீடர்ஸ் கப் மட்டுமே கிரேடு 1. விருது எலீட் பவருக்குப் போனது. முந்தைய ஆண்டு பிரீடர்ஸ் கப்பை ஒதுக்கிவைத்த வாக்காளர்கள் இந்த முறை அதையே பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஓட்டு இருந்திருந்தால் 2022லும் ஜாக்கீஸ் வாரியருக்குத்தான் போட்டிருப்பேன். அதற்கும் உங்களிடமிருந்து ஒரு கடிதம் வரும் என்று நினைக்கிறேன்.