டீச்சரிடம் கேளுங்கள்: மூலப்பத்திரம் பார்த்தீர்களா?

கேள்வி: புது வருட நடுராத்திரி ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை உண்மையிலேயே பலிக்குமா டீச்சர்? (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: ஒரு வருடம் எனக்கு வந்த அட்டை, ‘நீ அநேகம் ஜாதிகளுக்குக் கடன்கொடுப்பாய், நீயோ கடன் வாங்காதிருப்பாய்.’ அந்த மே மாதம் மூத்தவளுக்குக் கல்யாணம். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினேன். அட்டை பாட்டுக்கு அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வசனம் உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. முதல் வசனத்திலேயே ‘செவிகொடுப்பாயானால்’ என்று ஒரு நிபந்தனை உண்டு. அட்டையில் அதற்கு இடம் போதாது. 14 வசனம் ஆசீர்வாதம், 15 தொடங்கி 68 வரை சாபம். சாபப் பகுதியிலிருந்து அட்டை அச்சடித்த பிரஸ்ஸை இதுவரை நான் பார்த்ததில்லை. அட்டையை வைத்துக்கொள் அம்மா, அதிகாரத்தையும் ஒரு தடவை முழுசாக வாசித்துவிடு.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நாளுக்கு மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து என்று வருடத்துக்கு ஒரு தடவை வேதப்புத்தகத்தை முடித்துவிடுவார். மருமகள் இரண்டு வருடமாக வேறொரு ஜெபவீட்டுக்குப் போகிறாள். ‘வாசிப்பு பெரிசில்ல மாமா, ஆண்டவரோட உறவுதான் பெரிசு. எழுத்து கொல்லும், ஆவிதான் உயிர்ப்பிக்கும்’ என்கிறாள். இப்போது ‘ஆண்டவர் பேசினார்’ என்று சொல்லி, ஊரில் இருக்கிற மனையை விற்கச் சொல்கிறாள். குடும்ப ஜெபம் சண்டையில் முடிகிறது. யார் சொல்வது சரி? (பெயர் வேண்டாம், வள்ளியூர்ப் பக்கம்)

பதில்: மனையை முதலில் பேசிவிடுவோம், அதுதான் அவசரம். மனை வாங்குகிறவர் ‘இது என் இடம்தான்’ என்ற வாய்ச்சொல்லை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பாரா? மூலப்பத்திரம் கேட்பார், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். ‘ஆண்டவர் சொன்னார்’ என்று யாராவது சொன்னால், விற்கிறவரும் அதையே செய்யலாம், தப்பே இல்லை. எல்லா ஆவிகளையும் நம்பாமல் சோதித்தறியுங்கள் என்று யோவான் தன் முதல் நிருபத்திலேயே எழுதியிருக்கிறார். விற்ற பணம் எங்கே போகப்போகிறது என்றும் கேளுங்கள். எனக்குத் தெரிந்து, ஆண்டவர் சொன்னதாக வரும் சேதிகளில் முக்கால்வாசி, கேட்டவர் ஏற்கெனவே ஆசைப்பட்டதாகவே இருக்கும். என் ஜெபத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மருமகள் சொல்லும் வசனம் 2 கொரிந்தியர் 3:6. அடுத்த வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். பவுல் அங்கே பேசுவது கல்லில் எழுதப்பட்ட பழைய உடன்படிக்கையைப் பற்றி. வேதத்தை மூடி வையுங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டார்.

இந்தச் சண்டை நம் சீமைக்குப் புதிதில்லை. மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்த அருளப்பன் என்ற ஊழியரின் ஊழியத்தைச் சுற்றி 1860இல் திருநெல்வேலி ஜில்லாவில் பெரிய எழுப்புதல், அதாவது பக்தி அலை, வந்தது. ஜனங்கள் அழுதார்கள், தரிசனம் கண்டார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். மிஷனரிகளில் சிலர் சந்தோஷப்பட்டார்கள், சிலர் பயந்தார்கள். அதன் அனல் மலைக்கு அந்தப்பக்கம் திருவிதாங்கூருக்கும் போயிற்று. அங்கே ஒரு கூட்டத்தார் 1875இல், இன்னும் ஆறே வருடத்தில் கர்த்தர் வந்துவிடுவார் என்றார்கள். 1881 வந்தது, போனது. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்ற வசனம் அவர்கள் கையிலிருந்த புத்தகத்திலும் இருந்திருக்கும்.

சரி, உங்கள் வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டாரா? அதுதான் இல்லை. 1189 அதிகாரத்தையும் வருடந்தோறும் முடிக்கிறவருக்கு யோவான் 5:39 மனப்பாடமாகவே இருக்கும். எங்கள் ஓய்வுநாள் பள்ளிச் சுவரில் நீலப் பெயிண்டில் ‘வேதவாக்கியங்களை ஆராய்ந்துபாருங்கள்’ என்று எழுதியிருந்தது. எழுதினவர் அதோடு நிறுத்திவிட்டார். முழு வசனத்தையும் பாருங்கள்: ‘அவைகளால் உங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று எண்ணுகிறீர்களே, என்னைக்குறித்துச் சாட்சிகொடுக்கிறவைகளும் அவைகளே.’ அடுத்த வசனத்தில், அப்படியிருந்தும் என்னிடத்தில் வர உங்களுக்கு மனதில்லை என்கிறார் இயேசு. கிரேக்கத்தில் அந்த முதல் வினைச்சொல்லைக் கட்டளையாகவும் வாசிக்கலாம், ‘ஆராய்ந்து பார்க்கிறீர்கள்’ என்று சும்மா சொன்னதாகவும் வாசிக்கலாம். எதிரே நின்றவர்கள் வேதத்தில் கரைகண்டவர்கள் என்பதால் எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. அவர்கள் படித்ததில் குறையில்லை. யாரைப் பற்றிப் படித்தார்களோ, அவர் முன்னால் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

என் ஆச்சி கதையைச் சொல்கிறேன். எங்களுக்குத் தேரிக்காட்டு ஊர். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. பதநீர் காய்ச்சும்போது அடுப்புக்கு ஓலையைத் தள்ளிக்கொண்டே ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருப்பாள். ‘பாத்துக்கிட்டுதானய்யா இருக்கீரு?’ என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்பதுபோலக் கேட்பாள். மருமகள் சொல்கிற உறவு இதுதான் என்றால் ஆச்சியை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் ஒரு நாள் பாகு முற்றிக் கருகி, கருப்பட்டி அத்தனையும் பாழ். சட்டியைப் பார்த்துக்கொண்டே ‘எதுவரைக்கும், கர்த்தாவே?’ என்றாள். தேரிக்காட்டில் ஒருத்தரும் ‘எதுவரைக்கும்’ என்று பேசமாட்டார்கள்; ‘எம்புட்டு நாளைக்கு’ என்பார்கள். அது பதின்மூன்றாம் சங்கீதத்தின் தமிழ். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியார் வாசிக்க வாசிக்க, அவள் காதுவழியே போய் அங்கே குடியேறிய தமிழ். நான் தமிழ் டீச்சரான பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

அந்த உபதேசியார் என் அப்பா. என் தம்பி குளத்தில் முங்கி இறந்த வருடம் அப்பாவுக்கு ஜெபம் வரவில்லை. ‘பரலோகப் பிதாவே’ என்று ஆரம்பிப்பார், அதற்குமேல் தொண்டை அடைத்துவிடும். அதனால் தினமும் ராத்திரி 88ஆம் சங்கீதத்தை மட்டும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடுவார். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு நம்பிக்கைக்குத் திரும்பும். அது திரும்பாது, இருட்டிலேயே முடிந்துவிடும். ஆறு மாதத்துக்குமேல் அதே சங்கீதம்தான். எங்களுக்கும் மனப்பாடமாகிவிட்டது. அப்பாவுக்கு அப்போது ஆண்டவரோடு உறவு இருந்ததா, அறுந்துபோயிருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் சண்டை போடவாவது ஆண்டவர் முன்னால்தான் போய் உட்கார்ந்தார், சண்டைக்கான வார்த்தையும் அந்தப் புத்தகத்திலிருந்துதான் எடுத்தார்.

நம் பக்கத்தில் மற்றவர்கள் நம்மை ‘வேதக்காரங்க’ என்பார்கள், கோயிலை ‘வேதக்கோயில்’ என்பார்கள். புத்தகத்தை வைத்து வந்த பெயர் அது. உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் கர்வம் இருக்கும், எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் புத்தகமே எல்லார் கையிலும் இருந்ததில்லை. தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சானது 1715இல். இன்று நாம் வைத்திருக்கும் புதிய ஏற்பாட்டின் 27 புத்தகப் பட்டியலை அத்தனாசியு என்ற பேராயர் எழுதியது 367இல். அதற்கு முன்னால் கிறிஸ்துவுக்காக உயிரைக் கொடுத்தவர்களில் பலர் நம் வேதாகமத்தை முழுதாகக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இதை மருமகளுக்காகச் சொல்லவில்லை, தலைமையாசிரியர் ஐயாவுக்காகச் சொல்கிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு வாரத்துக்குக் குடும்ப ஜெபத்தில் வேலையை மாற்றிக் கொடுங்கள். மருமகள் வேதம் வாசிக்கட்டும். மாற்கு சுவிசேஷம் போதும், தாவாமல் முதலிலிருந்து. ஐயா ஜெபம் பண்ணட்டும், ஆனால் அதில் ஒரு வசன எண்கூட வரக் கூடாது. இரண்டு பேருக்கும் கஷ்டமாக இருக்கும், விட்டுவிடாதீர்கள். நடுவில் மனைப் பேச்சை எடுக்க வேண்டாம். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? உங்கள் பெயரில் என்றால் பீரோ சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் ஆர்.சி. ‘நீங்க பைபிளே வாசிக்க மாட்டீங்க, மணியத்தான் உருட்டுவீங்க’ என்று சி.எஸ்.ஐ. தோழிகள் கேலி செய்கிறார்கள். என்ன பதில் சொல்ல? (உவரி வாசகி)

பதில்: லூக்கா முதல் அதிகாரத்தில் 28, 42 வசனங்களை அவர்களையே வாசிக்கச் சொல். நீங்கள் மணி உருட்டிச் சொல்லும் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தின் முதல் பாதி அங்கேதான் இருக்கிறது. பூசையில் மூன்று வருடச் சுற்றில் சுவிசேஷங்களின் பெரும்பகுதி வாசிக்கப்படுவதையும் சொல். உங்கள் கடற்கரைக்கு 1542இல் வந்த சவேரியார் விசுவாசப் பிரமாணத்தையும் ஜெபங்களையும் தமிழில் எழுதி வாங்கி, கையில் மணியடித்துத் தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டி மனப்பாடம் செய்ய வைத்தார். என் ஆச்சியைப் போல அந்தப் பிள்ளைகளுக்கும் எல்லாம் காதுவழிதான். இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் கேலி செய்தால், நீ வீட்டில் தனியாகவும் சுவிசேஷம் வாசிப்பதுண்டா என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அதற்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம். உவரியில் இப்போது என்ன மீன் படுகிறது என்று மட்டும் எழுது.