பிறந்தது அங்கே, பாஸ்போர்ட் எங்கே? வெளிநாட்டில் பிறந்த குழந்தைகள் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகளில் கைக்குழந்தைகள் பற்றியவற்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன். பிரசவத்துக்கு நல்ல மருத்துவமனை தேடி எவ்வளவு அலைகிறோம்! அதில் கால்வாசி அக்கறையைப் பிறப்புப் பதிவுக்குக் காட்டியிருந்தால் இந்தக் கேள்விகளில் பல வந்தே இருக்காது.

துபாயில் மகள் பிறந்து 20 நாள் ஆகிறது. இங்கே பிறந்ததால் இந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்குமா? முதலில் எதைச் செய்வது?

கிடைக்காது. வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தைக்கு, அங்கே பிறந்தது என்பதற்காக மட்டும் அமீரகம் குடியுரிமை தருவதில்லை. நீங்கள் இருவரும் இந்தியர் என்பதால் வம்சாவளி வழியாக மகள் இந்தியராகலாம், ஆனால் அது தானாக நடக்காது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்தாக வேண்டும், குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழியும் தர வேண்டும்.

வரிசை இதுதான்: மருத்துவமனை தரும் பிறப்பு அறிவிப்பு, அதை வைத்து அரசின் பிறப்புச் சான்றிதழ், அப்புறம் இந்தியத் தூதரகத்தில் பதிவும் பாஸ்போர்ட்டும், கடைசியாக ரெசிடென்ஸ் விசாவும் எமிரேட்ஸ் ஐடியும். பிறந்த 120 நாளுக்குள் விசா வரை முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் அபராதம் ஏறும். பலர் மாட்டிக்கொள்வது திருமணச் சான்றிதழில்தான். கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் அங்கே செல்லாது. தமிழ்நாட்டில் 2009-ல் வந்த சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும், ஆனாலும் பதியாமலே விமானம் ஏறிவிடுகிறவர்கள் நிறைய. மனைவி கர்ப்பமாக இருக்கும்போதே ஊரில் பதிந்து, அட்டெஸ்ட் செய்து (சான்றிதழ் உண்மையானது என்று அதிகாரப்பூர்வ முத்திரை வாங்கி) வரவழைத்துவிடுங்கள்.

போட்டோவுக்கு ஒரு வழி சொல்கிறேன். வெள்ளைத் துணியில் குழந்தையைப் படுக்க வைத்து, கண் திறந்திருக்கும்போது மேலிருந்து எடுங்கள். பிடித்திருப்பவர் கை தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் குடும்பத்தில் சர்நேம் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தைக் காலியாக விடலாமா?

விடலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் விடாதீர்கள். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று அமீரகம் அறிவித்தபோது அதிகம் தவித்தவர்களில் நம் ஆட்களும் உண்டு, ஏனென்றால் ஒரே பெயரோடு வாழ்வது நம் வழக்கம். இனிஷியலைப் பாஸ்போர்ட் ஏற்காது, விரித்து எழுத வேண்டும். குழந்தையின் பெயரை முதல் கட்டத்தில் போடுங்கள், சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரையோ அம்மா பெயரையோ போடுங்கள். அம்மா பெயர் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

அதைவிட முக்கியம் எழுத்துக்கூட்டல். யாழினி, எழில், கயல்விழி என்று அழகாகப் பெயர் வைக்கிறோம், மருத்துவமனைக் காகிதத்தில் ழகரத்துக்கு ஓர் எழுத்து, பிறப்புச் சான்றிதழில் இன்னோர் எழுத்து என்று வந்துவிடுகிறது. அரபியில் அந்த ஒலியே இல்லை, அங்கே எழுதி மறுபடி ஆங்கிலத்துக்கு வரும்போது பெயரே மாறிப்போகும். எப்படி எழுத வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போய், சான்றிதழ் கையில் வந்ததும் கவுன்ட்டரை விட்டு நகராமல் சரிபாருங்கள். பாஸ்போர்ட் எடுத்த பிறகு மாற்றுவது பெரிய வேலை.

ரியாத்தில் இருக்கிறோம். மகனுக்கு இரண்டு வயது. இன்னும் எங்கேயும் பதியவில்லை. முடிந்துபோனதா?

இல்லை. ஒரு வருடம் தாண்டினாலும் மத்திய அரசின் அனுமதியோடு பதியலாம் என்று குடியுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. தூதரகம் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும், ஏன் தாமதம் என்று உண்மையை எழுதித் தர வேண்டும். நாளாகும். அதுவரை குழந்தையால் எல்லை தாண்ட முடியாது, ஊரில் தாத்தாவுக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. நாளைக் காலையே தூதரகத்துக்குப் போங்கள்.

லண்டனில் இருவரும் வேலை விசாவில் இருக்கிறோம். குழந்தையை இந்தியத் தூதரகத்தில் பதியாமல் விட்டால் 5 வருடத்தில் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைக்கும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

செய்யாதீர்கள். உங்கள் நண்பர் சொல்வதற்கு ஒரு அடிப்படை இருந்தது. 1983 ஜனவரி 1 முதல், பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமகனாகவோ அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருந்தால்தான், அங்கே பிறக்கும் குழந்தை பிரிட்டிஷ் குடிமகன். ஆனால் நாடற்ற குழந்தை அங்கே 5 வருடம் வாழ்ந்திருந்தால் குடியுரிமை கேட்கலாம் என்று தனியாக ஒரு பிரிவு உண்டு. இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து, இந்தியத் தூதரகத்தில் பதியப்படாத ஒரு குழந்தையை நாடற்றவராகவே கருத வேண்டும் என்று 2017-ல் அங்குள்ள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு பலர் வேண்டுமென்றே பதியாமல் இருந்தார்கள். 2022-ல் வந்த சட்டம் அந்தக் கதவை அநேகமாக மூடிவிட்டது: பெற்றோரின் நாட்டுக் குடியுரிமையைப் பெற வழி இருந்தும் பெறாமல் விட்ட குழந்தைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது.

சட்டம் மாறாமல் இருந்திருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். 5 வருடம் ஒரு குழந்தையை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் வைத்திருப்பது, பாட்டி முகத்தைக்கூட போனில் மட்டுமே பார்க்க வைப்பது, எனக்கு மனசு ஒப்பவில்லை. நேர்வழி இருக்கிறதே. உங்களில் ஒருவருக்கு நிரந்தரக் குடியிருப்பு கிடைத்ததும், 18 வயதுக்குள் குழந்தையைப் பிரிட்டிஷ் குடிமகனாகப் பதியலாம். முதல் 10 வருடமும் அங்கேயே வளர்ந்தால் அதற்கும் தனி உரிமை உண்டு. இப்போதைக்கு இந்தியப் பாஸ்போர்ட் எடுங்கள். அங்கே பிறந்த குழந்தை நாட்டுக்குள் இருக்கும்வரை விசா கட்டாயமில்லை, ஆனால் ஊருக்குப் போய்த் திரும்ப டிபென்டன்ட் விசா (பெற்றோரைச் சார்ந்திருப்பவருக்கான விசா) வேண்டும், அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும்.

கணவரும் நானும் பிரிந்து வாழ்கிறோம், விவாகரத்து ஆகவில்லை. குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு அவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். பாஸ்போர்ட் எடுத்து நான் ஊருக்குப் போய்விடலாமா?

சகோதரி, இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலாவது பாஸ்போர்ட். இருவரும் சம்மதித்தால், விண்ணப்பத்தோடு தரும் உறுதிமொழிப் படிவம் அனெக்ஷர் டி. ஒருவர் சம்மதம் தராவிட்டால், விண்ணப்பிக்கும் பெற்றோர் காரணத்தைச் சொல்லித் தனியாக உறுதிமொழி தரும் படிவம் அனெக்ஷர் சி. 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தியபோது, அப்பா அல்லது அம்மா யாராவது ஒருவர் பெயர் இருந்தாலே போதும் என்றும் ஆக்கினார்கள். தாயும் இயற்கைப் பாதுகாவலர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1999-ல் சொன்னது. திருமணமாகாத தாய், தந்தைக்கு நோட்டீஸ் அனுப்பாமலே சட்டப்படி பாதுகாவலராகலாம் என்று 2015-ல் சொன்னது. ஆக உங்களுக்கு வழி இருக்கிறது. குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று எங்காவது வழக்கு நடந்தால் மட்டும் அதை மறைக்காதீர்கள், பின்னால் அது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

இரண்டாவது, ஊருக்குப் போவது. இதைக் கவனமாகப் படியுங்கள். பாஸ்போர்ட் ஒரு பயண ஆவணம் மட்டுமே, குழந்தையை வைத்துக்கொள்ளும் உரிமையை அது தராது. நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டப்படி அப்பாவுக்கும் உரிமை இருந்தால், அவர் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் குழந்தையை நாட்டை விட்டுக் கூட்டிப்போவது பல நாடுகளில் குற்றமாகவே பார்க்கப்படுகிறது. திருமணமாகாத ஜோடிகளுக்கும் இது பொருந்தும். இங்கிலாந்தில் 2003 டிசம்பர் முதல், பிறப்புப் பதிவில் அப்பா பெயர் சேர்ந்திருந்தாலே அவருக்குப் பெற்றோர் பொறுப்பு வந்துவிடுகிறது.

"இந்தியா ஹேக் ஒப்பந்தத்தில் இல்லை, ஊருக்குப் போய்விட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது" என்று உங்களுக்குச் சிலர் சொல்லக்கூடும். குழந்தைக் கடத்தல் பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை என்பது உண்மை, இலங்கை சேர்ந்திருக்கிறது. ஆனால் நம் நீதிமன்றங்கள் வெளிநாட்டு உத்தரவைக் கண்டுகொள்ளாது என்று அதற்கு அர்த்தமில்லை. 2017-ல் பிரிட்டனிலிருந்து மகளோடு வந்த ஒரு தாயின் பக்கம் உச்ச நீதிமன்றம் நின்றது, குழந்தையின் நலனே முதல் அளவுகோல் என்றது. 2020-ல் அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு தாயிடம், அதே நலனைக் காரணம் காட்டி, குழந்தையோடு திரும்பிப் போகச் சொன்னது. அளவுகோல் ஒன்றுதான், முடிவு இரண்டு. உங்கள் குழந்தைக்கு எது வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் இருக்கும் நாட்டிலேயே ஒரு குடும்ப வழக்கறிஞரைப் பார்த்து, ஊருக்குப் போக எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உங்களை அடிக்கிறார், மிரட்டுகிறார் என்றால் அதையும் இப்போதே அங்கேயே போலீசில் பதிவு செய்யுங்கள், பின்னால் எந்த நீதிமன்றமும் முதலில் கேட்பது அதைத்தான்.

டெக்சாஸில் பிறந்த மகனுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டோம். இந்தியப் பாஸ்போர்ட்டும் எடுக்கலாமா?

முடியாது. அவனுக்கு ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) எடுங்கள், பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்றாலே குழந்தைக்குத் தகுதி உண்டு. ஆயுள் முழுக்க விசா இல்லாமல் வந்து போகலாம். ஆனால் ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

நான் இந்தியர், மனைவி இலங்கையர், தோஹாவில் இருக்கிறோம். குழந்தை எந்த நாடு?

இரண்டுக்கும் வழி இருக்கிறது. இலங்கைச் சட்டம் 2003-க்கு முன்பு அப்பாவை மட்டுமே பார்த்தது, இப்போது தாய் வழியாகவும் குடியுரிமை வரும். அங்கேயும் ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். ஆனால் முதலில் இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால், வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்ற இந்திய உறுதிமொழியை உங்களால் தர முடியாது. ஆக முதல் பாஸ்போர்ட் எது என்பதை இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள், மாமனார் வீட்டு அவசரத்துக்காக வேண்டாம்.

மனைவி மட்டும் 4 மாதக் குழந்தையோடு ஊருக்குப் போகிறாள். என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

குழந்தையின் பாஸ்போர்ட், திரும்பி வருவதற்கான விசா, பிறப்புச் சான்றிதழின் நகல், நீங்கள் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம். கடிதத்தில் பயணத் தேதிகளும் உங்கள் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கட்டும், நோட்டரி முத்திரை வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. எல்லா விமான நிலையத்திலும் கேட்க மாட்டார்கள், கேட்கும் இடத்தில் இல்லையென்றால் கைக்குழந்தையோடு நிற்பது அவர்தான். குழந்தையின் பாஸ்போர்ட் 5 வருடத்துக்குத்தான் செல்லும், முடியும் தேதியை இன்றைக்கே போனில் குறித்து வையுங்கள்.